50 கிலோகிரே: ஆஸ்திரேலியப் பூனைகளும் கதிரூட்டிய உணவு பற்றிய சண்டையும்

2008ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர்களிடம் ஒரே மாதிரியான பூனைகள் வரத் தொடங்கின. பின்னங்கால்கள் தள்ளாடும். நடக்கும்போது காலைத் தேவைக்கு மேல் உயர்த்தி வைக்கும். நாற்காலியில் தாவி ஏறுகிற பூனை, ஏறும் இடத்தைப் பார்த்தபடி தயங்கி நிற்கும். நாளாக ஆக முன்னங்கால்களும் வலுவிழந்து, சில பூனைகளால் எழவே முடியவில்லை.

பூனை தள்ளாடினால் மருத்துவர் முதலில் நினைப்பது அடிபட்டதா, நஞ்சு தின்றதா, கிருமித் தொற்றா, தண்டுவடத்தில் கட்டியா என்பதைத்தான். ஒரு பூனை என்றால் இந்தப் பட்டியலில் ஏதோ ஒன்றோடு கதை முடிந்துவிடும். ஆனால் வெவ்வேறு வீடுகளில், ஒன்றையொன்று பார்த்தேயிராத பூனைகளுக்கு ஒரே மாதிரி வருகிறது என்றால் பொதுவாக இருப்பது என்ன என்று தேட வேண்டும். சிட்னியின் கால்நடை நரம்பியல் நிபுணர் ஜார்ஜினா சைல்டும் அவரோடு பணியாற்றியவர்களும் அதைத்தான் தேடினார்கள். கிடைத்தது உணவுக் கிண்ணத்தில்.

பாதிக்கப்பட்ட பூனைகள் தின்றது கனடாவிலிருந்து இறக்குமதியான ஓரிஜன் என்ற உலர் உணவு. விலை கூடியது, தரமானது என்று பெயர் வாங்கியது. பூனைமேல் பாசம் வைத்தவர்கள் தேடிப்போய் வாங்குகிற வகை. அந்த உணவு கனடாவில் இருந்தது போலவே ஆஸ்திரேலியக் கடைக்கு வரவில்லை. துறைமுகத்தில் இறங்கிய பிறகு, வெளிநாட்டு நோய்கள் நுழையாமல் தடுக்கும் குவாரண்டைன் விதிப்படி காமா கதிர் நிலையத்துக்குப் போய், 50 கிலோகிரேக்கும் மேல் கதிர் வாங்கிக்கொண்டுதான் விற்பனைக்கு வந்தது. கிருமிகளைக் கொல்ல இப்படி உணவின் மேல் கதிரைப் பாய்ச்சுவதைத்தான் கதிரூட்டல் என்கிறார்கள். 2008 நவம்பரில் நிறுவனம் அந்த உணவைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. பல நாடுகளில் இதே உணவை விற்கிறோம், கதிரூட்டிய ஒரே இடத்தில்தான் இந்த நோய் வந்திருக்கிறது என்பது நிறுவனத்தின் வாதம். அந்த வாதத்தில் பலம் இருந்தது.

கணக்கெடுத்தபோது ஏறக்குறைய 90 பூனைகள் பாதிக்கப்பட்டிருந்தன. சில, உணவை மாற்றியதும் மெல்லத் தேறின. பல இறந்தன, அல்லது வேதனையைப் பார்க்க முடியாமல் கருணைக்கொலை செய்யப்பட்டன. 2009 மே மாத இறுதியில் பூனை உணவைக் கதிரூட்டுவதை ஆஸ்திரேலிய அரசு நிறுத்தியது.

கதை இவ்வளவுதான் என்றால் அது கால்நடை மருத்துவ இதழோடு நின்றிருக்கும். ஆனால் மனிதர் உண்ணும் உணவுக்குக் கதிரூட்டலாமா என்று அரை நூற்றாண்டுக்கும் மேல் நடந்துவரும் விவாதத்தில் இந்தப் பூனைகள் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டன. அதனால்தான் இந்த நிகழ்வைக் கொஞ்சம் பொறுமையாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஏன் 50?

முதலில் அந்த எண்ணைப் புரிந்துகொள்வோம். கிரே என்பது ஒரு கிலோ பொருள் உள்வாங்கும் ஆற்றலின் அளவு. ஒரு கிலோவுக்கு ஒரு ஜூல் ஆற்றல் சேர்ந்தால் அது ஒரு கிரே. ஆயிரம் கிரே சேர்ந்தது ஒரு கிலோகிரே. வெப்பமாகப் பார்த்தால் இது அற்பம்: 10 கிலோகிரே கொடுத்தால் தண்ணீரின் சூடு இரண்டரை டிகிரிகூட ஏறாது. ஆனால் அந்த ஆற்றல் சூடாகப் பரவாமல் மூலக்கூறுகளை உடைக்கும் வடிவில் வருவதால், உயிருள்ள செல்லுக்கு அது அற்பம் இல்லை. முழு உடலும் ஐந்து கிரே அளவு வாங்கினாலே, மருத்துவ உதவி இல்லாத மனிதர் பிழைப்பது கடினம். (இந்த எண்ணைக் கேட்டதும், ஆயிரக்கணக்கான கிரே வாங்கிய உணவைத் தின்றால் என்ன ஆகும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. கதிரை வாங்கியது உணவு, தின்பவர் அல்ல. அடுப்பில் இருநூறு டிகிரியில் வெந்த ரொட்டியைத் தின்பவரின் உடல் இருநூறு டிகிரி ஆகிவிடுவதில்லையே.)

உணவுக்குக் கொடுக்கும் அளவு வேலையைப் பொறுத்தது. உருளைக்கிழங்கும் வெங்காயமும் முளைவிடாமல் தடுக்க 0.1 கிலோகிரே அளவே போதும். பழ ஈக்கள் எல்லை தாண்டிப் பரவாமல் தடுக்க 0.15, பெரும்பாலான மற்றப் பூச்சிகளுக்கு 0.4. கோழி இறைச்சியில் சால்மொனெல்லா போன்ற கிருமிகளைக் குறைக்க இரண்டு, மூன்று. மசாலாப் பொருள்களுக்கு ஐரோப்பாவில் 10 வரை, அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் 30 வரை. மருத்துவமனையில் பிரித்துப் பயன்படுத்தும் ஊசிகளையும் கையுறைகளையும் முழுக்கக் கிருமியற்றதாக்க வழக்கமாகக் கொடுப்பது 25.

அப்படியிருக்க பூனை உணவுக்கு 50. ஊசிக்குக் கொடுப்பதைப்போல் இரண்டு மடங்கு. மாம்பழத்தின் ஈக்குக் கொடுப்பதைப்போல் முந்நூறு மடங்குக்கும் மேல்.

இந்த அளவு எங்கிருந்து வந்தது? தனித் தீவாக இருப்பதால் ஆஸ்திரேலியா பல கால்நடை நோய்களை எட்டவே விடாமல் வைத்திருக்கிறது. வெளிநாட்டு இறைச்சியில் ஒட்டிக்கொண்டு ஏதாவது வந்துவிட்டால் அதன் ஆட்டு மந்தைகளும் கோழிப் பண்ணைகளும் என்ன ஆகும் என்ற பயம் நியாயமானது. எனவே இறைச்சி சேர்த்த உணவு வந்தால், போதிய சூட்டில் போதிய நேரம் வெந்தது என்று காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் கதிரூட்ட வேண்டும். ஓரிஜன் குறைந்த சூட்டில் பக்குவமாகச் செய்கிறோம் என்பதையே பெருமையாகச் சொல்லி விற்ற உணவு. அந்தப் பெருமைதான் அதை இரண்டாவது வழிக்குத் தள்ளியது.

குவாரண்டைன் அதிகாரியின் கேள்வி ஒன்றே ஒன்று: இந்த மூட்டைக்குள் உயிரோடு ஏதாவது இருக்குமா? கிருமிகளில் கதிரை மிக அதிகம் தாங்குவது வைரஸ். சிறிய பொருளைக் கதிர் குறிதவறும் வாய்ப்பு அதிகம் என்பதால் அதற்கு அளவு கூடுதலாக வேண்டும். அந்தக் கேள்விக்கு 50 சரியான பதிலாக இருக்கலாம். ஆனால் மூட்டைக்குள் இருப்பதை யாரோ தின்னப்போகிறார்கள், அதையே தினமும் தின்னப்போகிறார்கள் என்பது அந்தக் கேள்விக்குள் இல்லவே இல்லை. என் பார்வையில் இந்த நிகழ்வின் அடிப்படைப் பிழை இங்கேதான் இருக்கிறது. கதிரூட்டல் தொழில்நுட்பம் தவறாக நடக்கவில்லை. கேட்டதை அது ஒழுங்காகச் செய்தது.

மூட்டைக்குள் நடந்தது

கதிரூட்டிய உணவு கதிரியக்கம் உள்ளதாக மாறிவிடும் என்ற பயம் இன்னும் இருக்கிறது, அதை முதலில் ஒதுக்கிவிடலாம். கதிர் நிலையங்களில் பயன்படும் கோபால்ட்-60 என்ற கதிரியக்க உலோகம் வெளியிடும் காமா கதிர்களின் ஆற்றல் 1.17, 1.33 மெகா எலக்ட்ரான்வோல்ட். உணவில் இருக்கும் அணுக்களின் கருவைக் கலைத்துக் கதிரியக்கம் உண்டாக்க இது போதாது. கதிரூட்டும் இன்னொரு வழியான எலக்ட்ரான் கற்றைக்கு 10 மெகா எலக்ட்ரான்வோல்ட் என்ற உச்சவரம்பு வைத்திருப்பதும் இதே காரணத்துக்காகத்தான். பூனைகள் கதிரியக்கத்தால் சாகவில்லை.

வேதியியலில்தான் விஷயம் இருக்கிறது. கதிர் பட்டதும் மூலக்கூறுகளிலிருந்து எலக்ட்ரான்கள் பிடுங்கப்படுகின்றன, பிணைப்புகள் அறுகின்றன, எதையாவது பற்றிக்கொள்ளத் துடிக்கும் துண்டுகள் உருவாகின்றன. பக்கத்தில் கொழுப்பும் ஆக்சிஜனும் இருந்தால் அந்தத் துண்டுகள் ஒரு சங்கிலி வினையைத் தொடங்கிவைக்கும். பெராக்சைடுகள் பெருகும். நாம் எண்ணெய் காறிவிட்டது என்று சொல்வது இந்த வகை வினைதான், இங்கே அது வேகமாக நடக்கிறது. கூடவே வைட்டமின்களும் அடிவாங்கும். எல்லாம் ஒரே மாதிரி அல்ல: தயமின் என்கிற பி1, ஏ, ஈ ஆகியவை கதிருக்குச் சீக்கிரம் மடங்குபவை. நயாசின் போன்றவை தாக்குப்பிடிக்கும்.

ஒரே அளவு கதிர் எல்லா உணவிலும் ஒரே விளைவைத் தராது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அமெரிக்க ராணுவம் தொடங்கி, பின்னர் அந்நாட்டு வேளாண் துறை முடித்துவைத்த ஒரு பெரிய ஆய்வு உண்டு. ரால்டெக் ஆய்வு என்று சொல்வார்கள். கோழி இறைச்சிக்குச் சராசரியாக 59 கிலோகிரே அளவு கொடுத்து, எலிகளுக்கும் நாய்களுக்கும் நீண்ட காலம் ஊட்டினார்கள். அதாவது நம் பூனைகள் தின்றதற்கு ஒப்பான அளவு. அந்த ஆய்வின் சில விவரங்கள் பற்றிச் சர்ச்சை உண்டு, ஆனால் விலங்குகள் கால் இழுத்துக்கொண்டு திரியவில்லை. என்ன வித்தியாசம்? அந்த இறைச்சியை முன்கூட்டியே சூடாக்கி நொதிகளை அடக்கி, காற்றை உறிஞ்சிவிட்டு அடைத்து, உறைய வைத்து, அந்த நிலையிலேயே கதிரூட்டினார்கள். உறைந்த பொருளில் அந்தத் துடிக்கும் துண்டுகள் நகர முடியாது. காற்று இல்லாததால் கொழுப்பு காறுவதும் குறையும். விண்வெளி வீரர்களுக்கான இறைச்சிக்குக் குறைந்தது 44 கிலோகிரே கொடுக்க அமெரிக்கா 1995ல் நாசாவுக்கு அனுமதி அளித்தபோதும், உறைய வைத்துக் கதிரூட்ட வேண்டும் என்பது நிபந்தனை.

உலர் பூனை உணவு இதற்கு நேர் எதிர். இறைச்சிக் கொழுப்பு நிறைந்தது. சிறு சிறு உருண்டைகளாக இருப்பதால் காற்றுபடும் பரப்பு அதிகம். உறைய வைப்பதும் இல்லை.

அப்புறம் தின்பவரின் உடல். பூனை பலவிதத்தில் தனி ரகம். கேரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டினை நாமும் நாயும் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்வோம். பூனையால் முடியாது, அது தயாராகவே கிடைக்க வேண்டும். நாம் மாத்திரையாக விழுங்கும் பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும், ஏனென்றால் அதைக் கழித்துக் கட்டும் கல்லீரல் வழி பூனையிடம் பலவீனமாக இருக்கிறது. அதோடு வீட்டுப் பூனை ஒரே பிராண்ட் உணவை மாதக்கணக்கில், வேறெதுவும் தொடாமல் தின்னும். காலையில் குறைந்ததை மாலையில் வேறொன்றால் ஈடுகட்டும் வாய்ப்பே அதற்கு இல்லை. அதே நிறுவனத்தின் கதிரூட்டிய நாய் உணவைத் தின்ற நாய்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது இந்த நிகழ்வின் மிக முக்கியமான தடயங்களில் ஒன்று.

தெரிந்தவர்களும் தெரியாதவர்களும்

இனிச் சொல்வது கொஞ்சம் கசப்பானது. இந்த நோய் 2008ல் புதிதாகத் தோன்றியது அல்ல.

அயர்லாந்தில் ஆராய்ச்சிக்காகக் கிருமிகள் அண்டாமல் வளர்க்கப்பட்ட பூனைக் கூட்டம் ஒன்றில் இதே தள்ளாட்டமும், மூளை, தண்டுவட வெண்பொருளில் (நரம்பிழைகள் நிறைந்த பகுதியில்) இதே வகைச் சேதமும் வந்திருந்தன. கிருமியற்ற வளர்ப்பு என்பதால் அவற்றுக்குக் கதிரூட்டிய உணவுதான் கொடுக்கப்பட்டது. டப்ளினில் இருந்த ஆய்வாளர்கள் இதை எழுதி, கால்நடை நோயியல் இதழில் 2007லேயே வெளியிட்டுவிட்டார்கள். சிட்னியில் முதல் பூனை தள்ளாடுவதற்குச் சில மாதங்கள் முன்பே. அந்த உணவு வாங்கியது 50 கிலோகிரேக்கும் குறைவு.

அந்தக் கட்டுரையைப் படித்தவர்கள் குவாரண்டைன் விதி எழுதுபவர்கள் அல்ல. விதி எழுதியவர்கள் பூனை நோயியல் இதழைப் புரட்டுபவர்களும் அல்ல. இதைச் சதி என்று சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் தெரியவில்லை. ஓர் அலுவலகத்தின் அலமாரிக்கும் இன்னோர் அலுவலகத்தின் அலமாரிக்கும் நடுவில் ஆள் இல்லை, அவ்வளவுதான். ஆனால் விளைவு ஒன்றுதான்.

2009ல் அதே அயர்லாந்துக் குழு ஐயத்தைத் தீர்க்கும் ஒரு சோதனையை வெளியிட்டது. ஒரே உணவைச் சில பூனைகளுக்குக் கதிரூட்டியும், சில பூனைகளுக்கு வெறுமனே சூடாக்கியும் கொடுத்தார்கள். கதிரூட்டியதைத் தின்றவைதான் நோயுற்றன. உணவைப் பகுத்துப் பார்த்தபோது வைட்டமின் ஏ குறைந்திருந்தது, பெராக்சைடு கூடியிருந்தது. இரண்டில் எது குற்றவாளி, அல்லது இரண்டும் சேர்ந்ததா என்ற கேள்வி முழுசாகத் தீரவில்லை.

அதே ஆண்டு அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இயன் டங்கன் குழு இன்னொரு வழியாக இதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. கர்ப்பமான பூனைகளுக்குக் கதிரூட்டிய உணவு கொடுத்துச் சோதித்த ஒரு நிறுவனம், அவற்றில் சில மூன்று, நான்கு மாதங்களில் நடக்க முடியாமல், சில பார்வை குன்றிப் போவதைக் கண்டது. நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் உறை கழன்றிருந்தது. மின்கம்பியின் பிளாஸ்டிக் உறை உரிந்துபோனால் எப்படியோ அப்படி. வழக்கமான உணவுக்கு மாற்றியதும் பூனைகள் மெதுவாகத் தேறின. கழன்ற உறை பரவலாக மீண்டும் வளர்ந்திருந்தது. மனிதரில் இதே மயலின் உறை சிதையும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் போன்ற நோய்களில் உறை மீண்டும் வளர்ந்தால் செயல்பாடும் திரும்புமா என்று பல காலமாகக் கேட்டுக்கொண்டிருந்த நரம்பியலாளர்களுக்கு இது பெரிய செய்தி. பாருங்கள், உணவுப் பாதுகாப்பு விவாதத்தில் ஒரு தரப்பின் ஆயுதமாக இருக்கும் அதே பூனைகள், இன்னொரு துறையில் நம்பிக்கையின் சான்றாக இருக்கின்றன.

மனிதருக்கு இப்படி நடக்க வாய்ப்பு மிகக் குறைவு என்பதே டங்கனின் கருத்து. ஆஸ்திரேலியப் பூனைகளில் உறையோடு நரம்பிழையும் சிதைந்திருந்தது முக்கியமாகத் தெரிந்தது. அங்கே பல பூனைகள் தேறாமல் போனதை இது ஓரளவு விளக்கும்.

இரு தரப்பும் பிடித்த நுனி

உணவுக் கதிரூட்டலை எதிர்ப்பவர்களுக்கு இந்த நிகழ்வு கையில் கிடைத்த கனி. பாதுகாப்பானது என்றீர்களே, பூனைகளைப் பாருங்கள் என்றார்கள். ஆதரிப்பவர்கள், அந்த அளவு மனித உணவுக்குக் கொடுப்பதே இல்லை, எனவே பேச்சுக்கே இடமில்லை என்றார்கள். இரண்டு பதிலும் எனக்குச் சோம்பேறித்தனமாகப் படுகிறது.

எதிர்ப்பவர்களின் தவறு வெளிப்படை. 0.15 கிலோகிரே வாங்கிய பழத்தையும் 50 வாங்கிய இறைச்சி உருண்டையையும் கதிரூட்டியது என்ற ஒரே சொல்லால் கட்டிவிடுவது, வெதுவெதுப்பான நீரையும் கொதிக்கும் எண்ணெயையும் சூடானது என்று ஒன்றாக்குவது போல.

ஆதரிப்பவர்களின் தவறு சற்று நுட்பமானது. மனித உணவுக்கு அந்த அளவே கிடையாது என்று சொல்கிறபோது, ஆஸ்திரேலியாவே மசாலாப் பொருள்களுக்கு 30 கிலோகிரே வரை அனுமதிக்கிறது என்பது மறந்துபோகிறது. அயர்லாந்துச் சோதனைகளில் கொடுத்த அளவுகளின் கீழ்ப்பகுதியோடு இது உரசுகிறது. எனவே அளவு வெகுதூரம் என்ற வாதம் மசாலாவுக்குப் பொருந்தாது. பொருந்தும் வாதம் வேறு: மிளகில் கொழுப்பு குறைவு, ஈரம் குறைவு, அதைவிட முக்கியமாக நாம் தட்டு நிறைய மிளகு தின்பதில்லை. ஒரு நாள் உணவில் சில கிராம் வரும் பொருளில் கொஞ்சம் வைட்டமின் குறைந்தால் யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது. இதுதான் நேர்மையான பதில். இதைச் சொல்லாமல் குறுக்குவழியில் போனால், எதிர்ப்பவர் ஒருவர் 30 என்ற எண்ணைத் தேடிக் கண்டுபிடிக்கும் நாளில் மொத்த வாதமும் ஆட்டம் காணும்.

உலக சுகாதார நிறுவனம், உணவு வேளாண் அமைப்பு, பன்னாட்டு அணுசக்தி முகமை மூன்றும் கூட்டிய நிபுணர் குழு 1980ல் 10 கிலோகிரே வரை எந்த உணவுக்கும் நச்சுத்தன்மைச் சிக்கல் இல்லை என்றது. 1997ல் இன்னொரு குழு அதற்கு மேலும் போகலாம், சரியான முறையில் செய்தால் உச்சவரம்பே தேவையில்லை என்ற அளவுக்குப் போனது. சரியான முறையில் என்ற சொற்களில்தான் உறைய வைப்பதும் காற்றை நீக்குவதும் அடங்கியிருக்கின்றன. பிறகு வந்த பேச்சுகளில் அந்த நிபந்தனை உதிர்ந்து முடிவு மட்டும் பரவியது.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2011ல் கதிரூட்டலை மறுபடி ஆராய்ந்தபோது பூனைகளைத் தள்ளிவிடவில்லை. ஐரோப்பாவில் கதிரூட்டும் உணவின் அளவு மிகக் குறைவு, உடனடிக் கவலைக்குக் காரணம் இல்லை, ஆனால் பூனைகளில் கண்ட இந்த நரம்புச் சேதம் மனிதருக்கு எந்த அளவு பொருந்தும் என்பதைத் தெளிவுபடுத்த வேண்டும் என்று எழுதியது. நான் படித்த அதிகாரபூர்வமான வரிகளில் இதுவே நிதானமானது என்று நினைக்கிறேன். கொழுப்பைக் கதிரூட்டும்போது மட்டும் பெரும்பாலும் உருவாகும் ஆல்கைல்சைக்ளோபியூட்டனோன் என்ற சேர்மங்கள் பற்றியும் இதே மாதிரியான இழுபறி நீண்ட காலம் உண்டு. உணவு கதிரூட்டப்பட்டதா என்று கண்டுபிடிக்க ஆய்வகங்கள் தேடுவதும் அவற்றைத்தான்.

ஒரு பழைய கோதுமை

பூனைகளின் சாட்சியம் எவ்வளவு வலுவானது என்பதை அறிய இன்னொரு சாட்சியத்தோடு ஒப்பிடுவது உதவும். 1975ல் ஹைதராபாதின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்திலிருந்து ஓர் ஆய்வு வந்தது. கடும் ஊட்டச்சத்துக் குறைபாட்டில் இருந்த 15 குழந்தைகளை ஐந்து ஐந்தாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குக் கதிரூட்டாத கோதுமை, ஒரு குழுவுக்கு அப்போதுதான் கதிரூட்டிய கோதுமை, ஒரு குழுவுக்குக் கதிரூட்டிச் சேமித்து வைத்தது. அளவு 0.75 கிலோகிரே. புதிதாகக் கதிரூட்டியதைத் தின்ற குழந்தைகளின் இரத்தத்தில், குரோமோசோம் எண்ணிக்கை மடங்கான செல்கள் தென்பட்டன என்றார்கள்.

உலகெங்கும் எதிர்ப்பாளர்கள் பல ஆண்டுகள் இதை மேற்கோள் காட்டினார்கள். குழுவுக்கு ஐந்தே குழந்தைகள். ஒப்பீட்டுக் குழுவில் அத்தகைய செல் ஒன்றுகூட இல்லை என்பதே சந்தேகம் கிளப்பியது, ஏனென்றால் நலமாக இருப்பவர்களின் இரத்தத்திலும் அவை கொஞ்சம் இருக்கும். அரசு அமைத்த குழு 1976ல் தரவுகள் அந்த முடிவைத் தாங்கவில்லை என்றது. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் எலிச் சோதனைகளிலும், 1980களில் சீனாவில் தன்னார்வலர்கள் பல வாரங்கள் கதிரூட்டிய உணவு உண்ட சோதனைகளிலும் அந்த விளைவு திரும்ப வரவில்லை. (அந்தக் குழந்தைகளை வைத்து அப்படி ஒரு சோதனை நடத்த இன்று எந்த நெறிமுறைக் குழுவும் சம்மதிக்காது. நியாயமும்தான்.)

பூனைகளின் நிலை இதற்குத் தலைகீழ். அயர்லாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று ஒன்றோடொன்று தொடர்பில்லாத இடங்களில், வெவ்வேறு உணவுகளில் அதே நோய் வந்தது. உணவை நிறுத்தினால் தேறுகிறது, வேண்டுமென்றே ஊட்டினால் திரும்ப வருகிறது. கோதுமைச் சாட்சியம் பலவீனமானது, ஆனால் சொல்ல வந்தது நாம் சாப்பிடும் அளவைப் பற்றி. பூனைச் சாட்சியம் அசைக்க முடியாதது, ஆனால் சொல்வது நாம் சாப்பிடாத அளவைப் பற்றி. இந்த விவாதத்தில் இரண்டையும் ஒரே மூச்சில் அடுக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சற்று எரிச்சல் வரும்.

சரி, வாங்கியவருக்கு என்ன தெரிந்தது?

ஒன்றும் தெரியாது. மனித உணவுக்குக் கதிரூட்டினால் ஆஸ்திரேலியாவில் உறையில் சொல்லியாக வேண்டும். செல்லப்பிராணி உணவுக்கு அப்போது அந்தக் கட்டாயம் இல்லை. பூனையின் உரிமையாளர் கையில் இருந்தது, குறைந்த சூட்டில் பக்குவமாகச் செய்தது என்று சொல்லும் கனடாவின் உறை. இடையில் நடந்த காமா கதிர்ப் பயணம் அதில் இல்லை. மருத்துவர்கள் உணவைச் சந்தேகிக்கத் தாமதமானதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். உறையில் ஒரு வரி இருந்திருந்தால், அந்த 2007 கட்டுரையைப் படித்திருந்த யாராவது ஒருவர் சில மாதங்கள் முன்னதாகவே இரண்டையும் இணைத்திருக்கலாம்.

உறையில் எழுதினால் மக்கள் பயந்து வாங்க மாட்டார்கள் என்று கதிரூட்டும் தொழிலில் இருப்பவர்கள் சொல்வது வழக்கம். அந்தப் பயம் உண்மைதான். ஆனால் இங்கே உறையில் எழுதாததால் இழந்தது விற்பனையைவிடப் பெரிது. கதிரூட்டியது என்று மட்டும் எழுதுவதும் போதாது என்பேன். எவ்வளவு என்று எழுதினால்தான் மருத்துவருக்கும் ஆய்வாளருக்கும் உதவும். எந்த நாடும் உறையில் கிலோகிரே அளவைக் கேட்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஆய்வகங்களில் வளர்க்கும் எலிகளின் உணவைக் கதிரூட்டுவது உலகெங்கும் அன்றாட வேலை. கதிரில் வைட்டமின் அழியும் என்று தெரிந்தே, அந்த உணவைச் செய்பவர்கள் முன்கூட்டியே கூடுதலாகச் சேர்த்துவிடுகிறார்கள். அதாவது தீர்வுக்கான அறிவும் அப்போதே கையில் இருந்தது. ஆனால் கனடாவில் உணவைச் செய்தவர், அது கதிரூட்டப்படும் என்று கணக்கிட்டுச் செய்யவில்லை. கதிரூட்டியவர் உணவுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டிய இடத்தில் இல்லை.

அதற்குப் பிறகு மனித உணவின் பக்கம் கதிரூட்டல் அங்கே நிற்கவில்லை, வளர்ந்தது. பழ ஈக்கு எதிராகப் பயன்படுத்திவந்த சில பூச்சிக்கொல்லிகளுக்குக் கட்டுப்பாடு வந்தபின், 2013ல் தக்காளிக்கும் குடைமிளகாய்க்கும் அனுமதி கிடைத்தது. 2021ல் எல்லாப் புதுக் காய்கனிகளுக்கும். உச்சவரம்பு ஒரு கிலோகிரே, உறையில் குறிப்பிடுவதும் கட்டாயம். ஒவ்வொரு முறையும் எதிர்ப்பவர்கள் பூனைகளைக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு முறையும் ஒன்றுக்கும் ஐம்பதுக்கும் உள்ள தூரம் பதிலாக வந்தது.

இறக்குமதியாகும் நாய் உணவைக் கதிரூட்டுவதை ஆஸ்திரேலியா நிறுத்தவில்லை. பூனைகளின் கதைக்குப் பிறகு அந்த மூட்டைகளில் ஒரு வரி மட்டும் சேர்ந்தது: பூனைகளுக்குக் கொடுக்கக் கூடாது. நாயும் பூனையும் சேர்ந்து வளரும் வீட்டில், யாருடைய கிண்ணத்தில் யார் வாய்வைக்கிறார் என்பதைக் கவனிக்கும் வேலை அந்த வீட்டுக்காரருடையது.